மிச்சத் துணியும் மிச்ச நூலும்: எலிசபெத் பிரை அம்மையாரின் வாழ்வு

எலிசபெத் பிரை அம்மையார் 1780 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நோரிச் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோன் கேர்னி வங்கி உரிமையாளர்களுள் ஒருவர். தாயார் கதரின் அம்மையார் பன்னிரு பிள்ளைகளைப் பெற்றவர். குடும்பம் குவேக்கர்கள் என அழைக்கப்படும் நண்பர்கள் சங்கத்தைச் சேர்ந்தது. எளிய உடை, மௌன வழிபாடு, பெண்களும் சபையில் எழுந்து பேசலாம் என்ற உரிமை ஆகியவை அச்சங்கத்தின் வழக்கங்கள். கேர்னி வீட்டுப் பெண்கள் மட்டும் இளமையில் வர்ண உடைகளையும் ஆடல் பாடலையும் விரும்பியவர்கள் என்று ஊரில் பெயரெடுத்திருந்தார்கள்.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஒரு வைத்தியர் என்ற வகையில் மருத்துவம் பற்றி எழுதுவேன் என்று மலர்க் குழுவினர் எண்ணியிருக்கக்கூடும். நான் தையற் கூடையைத் தெரிவு செய்தேன். எம் கல்லூரியின் பழைய மாணவிகளை எந்த நாட்டில் சந்தித்தாலும் அவர்களிடம் ஒரு குணத்தைக் காண்கிறேன். கம்பளி நூலின் கடைசி முழத்தையும் எறிய மாட்டார்கள். அந்த மிச்சத்தில் நத்தாருக்கு ஒரு நட்சத்திரம், ஒரு சிறு மணி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு காலுறை என ஏதாவது பின்னிவிடுவார்கள். மிச்சத்தை எறியாத இந்தப் பழக்கத்தைச் சிறைக்குள்ளும் கடலுக்கு அப்பாலும் கொண்டு சென்று, அதனால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரு பிடிமானம் கொடுத்தவர் எலிசபெத் அம்மையார். ஆகவே அவருடைய வாழ்வு இம்மலரில் இடம்பெறத் தக்கது என்று கருதினேன்.

சிறுமி எலிசபெத் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரெடுத்தவரல்லர். இருளுக்கும் கடலுக்கும் பயந்தவர். அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். பாடத்தில் பின்தங்கியவர் என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். பன்னிரண்டு வயதில், 1792 ஆம் ஆண்டு, தாயை இழந்தார். 1798 இல் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சவரி என்ற குவேக்கரின் உரையைக் கேட்டபின் அவருடைய மனம் மாறியது. மெல்ல மெல்ல வர்ண உடைகளைக் கைவிட்டார். ஊரிலுள்ள நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். ஏழைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து எழுத்துப் படிப்பித்தார். ஒரு சில பிள்ளைகளோடு தொடங்கிய அந்த வகுப்பு சிறிது காலத்தில் வீடு கொள்ளாத அளவுக்குப் பெருகியது.

1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் யோசப் பிரை என்பவரை மணந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். கணவரும் குவேக்கர், தேயிலை வணிகமும் வங்கியும் நடத்திய குடும்பத்தவர். 1801 தொடக்கம் 1822 வரையிலான காலத்தில் அம்மையார் பதினொரு பிள்ளைகளைப் பெற்றார். 1811 இல் நண்பர்கள் சங்கம் அவரைத் தன் போதகர்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

1813 ஆம் ஆண்டின் கடுங்குளிர் காலத்தில் ஸ்டீபன் கிரெலற் என்ற குவேக்கர் இலண்டன் நகரின் நியூகேற் சிறைச்சாலையைப் பார்த்துவிட்டு நேரே அம்மையாரிடம் வந்தார். பெண்கள் பகுதியில் தாய்மார் வெறுந்தரையில் படுத்திருப்பதையும், அவர்களுடைய கைக்குழந்தைகள் ஏறக்குறைய உடையே இல்லாமல் கிடப்பதையும் விபரித்தார். அம்மையார் செய்த முதல் வேலை தையல் வேலைதான். மென்கம்பளித் துணி வாங்குவித்து, தெரிந்த பெண்களைக் கூட்டி, குழந்தைச் சட்டைகள் தைத்தார். பின்னர் அன்னா பக்ஸ்ரன் என்ற தோழியுடன் அவற்றை எடுத்துக்கொண்டு சிறைக்குச் சென்றார். உள்ளே செல்ல வேண்டாமென்று அதிகாரிகள் எச்சரித்தும் இருவரும் கேட்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சில அறைகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். தூக்குத் தண்டனை பெற்றவளும், விசாரணையே நடவாதவளும், சில்லறைக் களவு செய்தவளும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். சமையல், உறக்கம், சண்டை, பிரசவம் எல்லாம் அங்கேதான்.

அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவரால் நியூகேற்றில் தொடர்ந்து பணியாற்ற முடியவில்லை. வீட்டில் பிரசவங்கள், பணமுடை, துக்கம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1815 இல் ஐந்து வயதும் நிரம்பாத மகள் இறந்தாள். 1816 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில்தான் மீண்டும் நியூகேற்றுக்குச் சென்றார். அந்தத் தடவை தாய்மாரோடு அமர்ந்து, பிள்ளைகளுக்குச் சிறைக்குள்ளே ஒரு பள்ளி வைக்கலாமா என்று கேட்டார். ஆசிரியையைக் கைதிகளே தெரிவு செய்தார்கள். கடிகாரம் ஒன்றைத் திருடியதற்காகச் சிறைப்பட்டிருந்த மேரி கொனர் என்ற படித்த இளம்பெண் ஆசிரியையானாள். வகுப்பு நடந்த சிற்றறையின் வாசலில் வளர்ந்த பெண்களும் முண்டியடித்து நின்றார்கள். தங்களுக்கும் எழுத்தும் தையலும் சொல்லித்தருமாறு கேட்டார்கள்.

இங்கேதான் பெரிய எதிர்ப்பு வந்தது. சிறைப் பொறுப்பாளரும் சிறைக் குருவானவரும் நகர அதிகாரிகளும் அம்மையாரின் எண்ணத்தை மதித்தார்கள். அது நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் நம்பினார்கள். இப்பெண்களின் கையில் துணியும் நூலும் கொடுத்தால் திருடி விற்றுவிடுவார்கள், ஊசியும் கத்தரிக்கோலும் கொடுத்தால் என்ன நடக்குமோ என்பது அவர்களுடைய அச்சம். 1817 ஏப்ரலில் அம்மையார் பன்னிரண்டு பெண்களைக் கொண்ட ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் தினமும் முறைவைத்துச் சிறைக்குச் செல்வதாகவும், பொருட் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் உறுதியளித்தபின் அனுமதி கிடைத்தது. பழைய சலவை அறை வெள்ளையடிக்கப்பட்டு வேலைக்கூடமானது.

ஏறத்தாழ எழுபது பெண்கள் அங்கு கூடினார்கள். அம்மையார் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு விதிக்கும் கைதிகள் கையுயர்த்தி வாக்களித்தார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு தலைவியைத் தங்களுக்குள்ளேயே தெரிவு செய்தார்கள். சட்டம் அவர்களை எதுவும் கேட்டதில்லை. அவர்களிடம் ஒப்புதல் பெற்று ஒரு விதி செய்யப்பட்டது அங்கு அதுவே முதற்றடவை.

வேலை வேண்டும், செய்த பொருளை வாங்க ஆள் வேண்டும். அக்காலத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்த பொற்றனி பே குடியேற்றத்துக்கு உடைகள் அனுப்பிவந்த ஒரு வணிக நிறுவனத்திடம் அம்மையாரின் தோழியர் சென்றார்கள். அவர்களுடைய வியாபாரத்தில் ஒரு பங்கைத் தாம் எடுக்க எண்ணுவதை மறைக்காமற் சொல்லி ஆலோசனை கேட்டார்கள். வணிகர்கள் மனமுவந்து வேலையைக் கொடுத்துவிட்டார்கள். தைக்கத் தெரியாதவளுக்குத் துண்டுத் துணிகளை இணைக்கும் ஒட்டு வேலை கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் உடை தைத்தார்கள், காலுறை பின்னினார்கள். ஏறக்குறைய பத்து மாதங்களில் இருபதாயிரம் அளவான உருப்படிகள் அக்கூடத்திலிருந்து வெளியேறின. மாதந்தோறும் 60 முதல் 100 சோடி வரை காலுறைகள் பின்னப்பட்டன. ஒரு பெண் வாரத்துக்கு ஏறத்தாழ 18 பென்ஸ் சம்பாதித்தாள். அப்பணத்தில் தேயிலை, சீனி வாங்கச் சிறைக்குள்ளேயே ஒரு சிறு கடை வைக்கப்பட்டது. அதிகாரிகள் அஞ்சிய களவு நடக்கவில்லை. நகர முதல்வர் நேரில் வந்து பார்த்தபின், இம்முறையை நகர நிர்வாகம் சிறையின் ஒழுங்காகவே ஏற்றுக்கொண்டது.

இதில் ஒரு வைத்தியர் வியக்க இடமுண்டு. பின்னல் வேலைக்கு இரண்டு கைகளும் வேண்டும், கண்ணும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும். கண்ணி தவறினால் அவிழ்த்து, அதே நூலால் மறுபடி பின்னலாம், நூல் வீணாவதில்லை. ஒவ்வொரு நாளும் கையளவு வளர்ந்திருப்பதைக் கண்ணால் காணலாம். நாளை என்ற ஒன்றே இல்லாதவளுக்கு, நேற்றையிலும் பார்க்க இன்று நீண்டிருக்கும் ஒரு காலுறை சிறிய விடயமன்று. தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயரில் இன்று நாம் விடுதிகளிற் செய்விப்பதன் சாரம், அப்பெயர் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சலவை அறையில் இருந்தது.

1818 பெப்ரவரியில் அம்மையார் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் சிறைகளின் நிலைபற்றிச் சாட்சியமளித்தார். ஒரு பெண் அவ்வாறு அழைக்கப்படுவது அந்நாளில் மிக அரிது. அதே ஆண்டில் அவருக்குப் பெருந் தோல்வியும் நேர்ந்தது. கள்ளப் பணத்தாளைக் கைமாற்றியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஹரியற் ஸ்கெல்ரன் என்ற பெண்ணைக் காப்பாற்ற அவர் உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபு வரை சென்று மன்றாடினார். மன்றாட்டம் பலிக்கவில்லை. ஹரியற் தூக்கிலிடப்பட்டார். அமைச்சருடனான உறவும் முறிந்தது. நியூகேற்றின் புகழைக் கேட்டுச் சீமான்களும் சீமாட்டிகளும் பார்க்க வந்துகொண்டிருந்த அந்த நாட்களில், தான் திருத்திய பெண்ணைத் தன்னால் காக்க முடியாத வேதனையை அவர் அனுபவித்தார்.

அந்த ஆண்டிலேயே நாடு கடத்தல் கப்பல்களின் வேலையும் தொடங்கியது. அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்படும் பெண்களை விலங்கிட்டுத் திறந்த வண்டிகளில் தெருவழியே துறைமுகத்துக்குக் கொண்டு செல்வார்கள். வழிநெடுகக் கூட்டம் ஏளனம் செய்யும். அதற்கு முந்திய இரவில் சிறைக்குள் யன்னல்களையும் தளபாடங்களையும் உடைத்துக் கலகம் செய்வது பெண்களின் வழக்கம். மூடிய வண்டிகளில் அனுப்பினால் தானும் கூடவே வருவதாகச் சொல்லி அம்மையார் அந்த வழக்கத்தை நிறுத்தினார். மரியா என்ற கப்பலில் 128 பெண்கள் ஏறினார்கள். பல மாதப் பயணத்தில் அவர்கள் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கும் இடத்தில் கையில் ஒரு காசும் இல்லை. எனவே இடங்கொள்ளாத, விலை குறைந்த, முடிந்தபின் விற்கக்கூடிய ஒரு வேலை தேவைப்பட்டது. இலண்டனிலிருந்த மன்செஸ்ரர் பருத்தித் துணி வணிகர்களிடம் வெட்டுத் துண்டுகளைக் கேட்டார்கள். மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன.

பின்னாளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. அப்பையின் பட்டியலை வாசிக்கும்போது தையல் தெரிந்த எவருக்கும் மனம் நிறையும். 100 ஊசிகள், குண்டூசிகள், வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு நூற்பந்துகள், கறுப்புக் கம்பளி நூற்பந்து இரண்டு, வர்ண நூற்கழிகள் 24, இழையோட்டும் ஊசிகள், விரற்கூடு, கத்தரிக்கோல், சீப்பு, வேதாகமம், இரண்டு இறாத்தல் துண்டுத் துணி. தேவைப்பட்டவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. நாற்பதைத் தாண்டிய எனக்கு அந்தக் கடைசிப் பொருள்தான் அம்மையாரைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஊசியை மட்டும் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததாக எண்ணுவது எளிது. ஊசிக் காதில் நூல் கோக்க முடியாதவளையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சில பெண்கள் வழியில் றியோ டி ஜெனீரோ துறைமுகத்திலேயே தம் போர்வைகளை ஒரு கினி விலைக்கு விற்றார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அம்மையாரும் சங்கத்தாரும் 100 க்கு மேற்பட்ட கப்பல்களுக்குச் சென்று ஏறத்தாழ 12,000 பெண்களைச் சந்தித்தார்கள். 1821 இல் நாடு முழுவதற்குமான பெண்கள் சங்கம் உருவானது. 1823 இல் நிறைவேறிய சிறைச் சட்டம், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்களே பொறுப்பாக இருக்கவேண்டுமென்று விதித்தது.

அம்மையாரைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்கு மரியாதையாகாது. நாடு கடத்தும் தண்டனை தவறு என்று அவர் போராடவில்லை. அதன் கொடுமையைக் குறைக்கவே முயன்றார். கைதிகள் காதணி அணிவதையும் கூந்தலைச் சுருட்டுவதையும் கடிந்தார். சொந்தப் பிள்ளைகளை உறவினர் வீடுகளில் விட்டு ஊரார் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார் என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. அது அவரை வருத்தவும் செய்தது. இரவுக் கடமைக்குப் போகும் தாய்மார் பலர் இம்மலரை வாசிப்பார்கள். அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1828 நவம்பரில் கணவரின் வங்கி முறிந்தது. கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாத நிலையில் யோசப் பிரையை நண்பர்கள் சங்கம் விலக்கிவைத்தது. பெரிய வீட்டை விட்டு, உடன்பிறந்தாரின் உதவியோடு சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். தர்மத்துக்கென்று வந்த பணம் வங்கியில் கலந்ததோ என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். அம்மையார் சிறிது காலம் ஒதுங்கியிருந்து, மறுபடி சிறைகளுக்குப் போகத் தொடங்கினார்.

திரும்பி வந்தபோது காலம் மாறியிருந்தது. 1830 களில் அரசாங்கச் சிறைப் பரிசோதகர்கள் பெண்கள் சங்கத்தின் வேலையைக் குறை கூறினார்கள். ஒவ்வொரு கைதியையும் தனியறையில், ஒருவர் முகம் ஒருவர் காணாமல் அடைத்துவைப்பதே திருத்தும் வழி என்றார்கள். மிதிசக்கரம் போன்ற, பயனெதையும் தராத கடின உழைப்பைத் தண்டனையாக்கினார்கள். அம்மையார் தனிமைச் சிறையை எதிர்த்தார். மனித முகமும் பயனுள்ள வேலையும் இல்லாத இடத்தில் மனம் சிதையும் என்று அவருடைய அனுபவம் அவருக்குச் சொல்லியிருந்தது. அவருடைய கருத்து அன்று எடுபடவில்லை. தனிமையில் நீண்டகாலம் அடைக்கப்பட்டவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை இன்றைய மருத்துவம் நன்கு அறியும்.

அறுபது வயதில், 1840 இல், தாதியருக்கான பயிற்சி நிலையம் ஒன்றை இலண்டனில் தொடங்கினார். வீடுகளில் நோயாளரைப் பராமரிக்கப் பெண்களைப் பயிற்றி அனுப்பிய அந்நிலையம், புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் தாதியர் பாடசாலைக்கு இருபது ஆண்டுகள் முந்தியது. பிரான்சுக்கும் பிறஸ்ஸியாவுக்கும் டென்மார்க்குக்கும் பயணஞ் செய்து அங்குள்ள சிறைகளைப் பார்த்தார். 1842 இல் பிறஸ்ஸிய மன்னர் அவருடைய எளிய வீட்டுக்கு விருந்துண்ண வந்தார். உடல் தளர்ந்து, 1845 ஒக்ரோபர் 12 ஆம் திகதி ராம்ஸ்கேற் என்ற கடற்கரை ஊரில் காலமானார். பார்க்கிங்கிலுள்ள நண்பர்கள் சங்க மயானத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மௌனமாக நின்று அவரை அடக்கம் செய்தார்கள். ஏறத்தாழ 160 ஆண்டுகளின் பின், நியூகேற் பெண்களுக்கு அவர் வாசித்துக் காட்டும் காட்சி இங்கிலாந்தின் ஐந்து பவுண் தாளில் அச்சாகியது.

அவர் கொடுத்தனுப்பிய துண்டுத் துணிகளில் உருவான போர்வைகளுள் ஒன்று இன்றும் இருக்கிறது. 1841 ஏப்ரலில் ராஜா என்ற கப்பல் 180 பெண் கைதிகளுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு யூலை 19 ஆம் திகதி ஹொபார்ட் துறைமுகத்தை அடைந்தது. கசையா ஹேய்ற்றர் என்ற இளம் மேற்பார்வையாளர் அவர்களுடன் சென்றார். மூன்றரை மாதக் கடற்பயணத்தில் கைதிகள் 2,815 துண்டுகளை இணைத்து, நடுவில் பூக்களும் பறவைகளும் வைத்து, மூன்று மீற்றருக்கு மேல் நீள அகலமுள்ள ஒரு போர்வையைத் தைத்து முடித்தார்கள். ஓரத்தில் நுண்ணிய இழையால், பொருள் தந்த சங்கத்துப் பெண்களுக்கு நன்றி எழுதினார்கள். அப்போர்வை பின்னர் கண்ணிலிருந்து மறைந்தது. 1987 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. துணி நைந்துவிடும் என்பதால் எப்போதும் காட்சியில் வைப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் வாழும் எம் சகோதரிகள் காட்சிக்கு வரும் நாளை விசாரித்துச் சென்று பார்க்கவேண்டும்.

அப்போர்வையில் தைத்தவர்களின் பெயர்கள் இல்லை. சில இடங்களில் தையல் மிக நேர்த்தி, சில இடங்களில் முதன்முதலாக ஊசி பிடித்த கையின் தடுமாற்றம் தெரிகிறது. கைதேர்ந்தவளின் துண்டும் கற்றுக்கொண்டிருந்தவளின் துண்டும் ஒரே போர்வையில், பிரித்தெடுக்க முடியாதபடி, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.